நாற்பத்தொரு தோல்விகள் உள்ள கொப்பி

இன்று காலை மஹய்யாவ சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் லப்டொப்பும் ஒரு கொப்பியும்.

லினக்ஸில் கட்டளை தட்டி மின்னஞ்சல் அனுப்பும் ஒரு மென்பொருளை, கொழும்பு அலுவலகத்துக்காக விண்டோஸிலும் ஓடவைக்க வேண்டும். ஒரு மாதமாக அதோடு மாரடிக்கிறேன். ஒவ்வொரு முயற்சியையும் தமிழில் கொப்பியில் எழுதிவைப்பது என் பழக்கம்.

சார்ஜன்ட் கொப்பியை விரித்தார். தமிழைக் கண்டதும் முகம் மாறியது. தமிழ் தெரிந்த அலவத்துகொடைக்காரரான கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்.

அவர் உரக்க வாசித்தார்: “நாற்பத்தோராவது முயற்சி. அனுப்பியது போய்ச் சேரவில்லை. கொழும்பில் கேட்பதற்குள் முடிக்க வேண்டும்.”

கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பினார்.

“என்னத்த அனுப்பப் பாக்குறீங்க?”

“ஈமெயில்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

கான்ஸ்டபிள் மற்றப் பக்கங்களையும் வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். எல்லாமே தோல்வி. சார்ஜன்ட் சிரித்துவிட்டார்.

“இவ்வளவு தரம் தோத்த ஆளால ஒரு ஆபத்தும் இல்லயாம். சேர் போகச் சொல்றாரு.”

மாலையில் நாற்பத்திரண்டாவது முயற்சி பலித்துவிட்டது.

நாளைக்கும் அதே பஸ்தான். கொப்பியில் உண்மையை எழுதவா, இன்னொரு தோல்வியை எழுதவா? யோசித்துச் சொல்லுங்கள்.