கொடிக்கம்பியில் ஓடிய கரண்ட்

சின்னாளபட்டியில் எங்கள் பழைய வீட்டின் பின்பகுதியில் செல்வி குடியிருந்தாள். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுவது அவள் தொழில். ஈரச்சேலை உலர்த்தக் கொடி கேட்டாள். இரும்புக் கம்பியின் ஒரு முனையை வேம்பிலும், மறுமுனையைக் கரண்டு ஒயர் வரும் இரும்புக் குழாயிலும் நானே கட்டிக் கொடுத்தேன்.

பத்து நாளில் வந்து நின்றாள்.

"அக்கா, கம்பியத் தொட்டா விரலு சுர்ருங்குது."

"ஈரக்கையில அப்படித்தான் இருக்கும். செருப்பு போட்டுக்க."

வயர்மேன் வந்தால் வீட்டு ஒயர் மொத்தத்தையும் மாற்றச் சொல்வார் என்று நான் கூப்பிடவே இல்லை.

மழை பெய்த மறுநாள் எங்கள் மின்விசிறி ஓடவில்லை. அதைப் பார்க்க வந்த வயர்மேன், கொல்லையில் கம்பி கட்டியிருந்த குழாயிலும் டெஸ்டரை வைத்தார். டெஸ்டரின் விளக்கு எரிந்தது. அவர் பார்வை கம்பியோடு போனது. மறுமுனையில் செல்வி சேலையை எடுக்கக் கை உயர்த்திக்கொண்டிருந்தாள்.



"ஏத்தா, தொட்றாத. அப்படியே பின்னால போ," என்றார் அவர்.

செல்வியின் கை அந்தரத்தில் நின்றது. ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"செருப்பு போட்டுத்தான்க்கா இருக்கேன்," என்று சேற்றிலிருந்து காலைத் தூக்கிக் காட்டினாள்.

வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு. என் வார்த்தையை நம்பி அதில்தான் அத்தனை நாளும் நின்றிருக்கிறாள். இன்றும் மழை பெய்தால் அந்தக் கால்தான் எனக்கு முன்னால் வருகிறது.