கையேட்டில் இல்லாத 'கே'

அந்த எழுத்தை அழித்தது நான்தான். ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஒரு 'கே'. அவ்வளவுதான்.

சிறுசேரியில் எங்கள் அலுவலகம் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் படங்களைப் பாதுகாக்கிறது. தினமும் மாலை ஐந்துக்கு ஒரு பழைய யுனிக்ஸ் கட்டளை தானாக ஓடித் தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் எழுதி வைத்தது. பொங்கலுக்கு முந்தைய நாள் அதை வரிவரியாகச் சரிபார்த்தேன். கட்டளையோடு ஒட்டக்கூடிய எழுத்துகளில், கையேட்டில் ஏ இருந்தது, எஃப் இருந்தது, ஆர் இருந்தது, கே இல்லை. மறுபடி தேடினேன். இல்லை. மறைமலை நகரில் ஒரு கார் தொழிற்சாலைக்கு மாறிப்போயிருந்த அவரிடம், அது எதற்கு என்று கேட்டுச் செய்தி அனுப்பினேன். பதில் வரும்வரை கை சும்மா இருக்கவில்லை. கையேட்டிலேயே இல்லை, இது எதற்கு என்று எடுத்துவிட்டு, லேப்டாப்பை மேசையில் பூட்டி, கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பெருங்களத்தூரில் பஸ் நின்றேவிட்டது. ஊருக்குப் போகிற கூட்டம், கரும்புக் கட்டு, ஓயாத ஹார்ன். ஐந்தாகப் பத்து நிமிடம். என் செய்தியைப் பார்த்துவிட்டு அவர் அழைத்தார்.

“சார், அத எடுத்துடலையே?”

“எடுத்துட்டேன்.”

“ஐயோ! அது தொடைக்கிற ஃபோல்டர்ல கீறது பூரா வெறும் லிங்க் சார், படத்துக்கு வழி காட்டுற அட்ரஸ் மாதிரி. படம் வேற எடத்துல கீது. கே இருந்தா லிங்க மட்டும் தூக்கும். இல்லாங்காட்டி நெஜப் படத்தையே தூக்கிடும்.”

“மேனுவல்ல இல்லியே!”

“எனக்கே ஒருத்தர் போன்ல சொன்னதுதான் சார்.”

அந்த வாரப் படங்களுக்கு இன்னும் நகல் எடுக்கவில்லை. யாரோ ஒருத்தியின் மார்பு, யாரோ ஒருவரின் மூளை. பண்டிகை முடிந்து டாக்டர் என்ன சொல்வாரோ என்று காத்திருக்கும் வீடுகள்.

அலுவலகத்தில் மிச்சமிருந்தவர் எங்கள் குழுவின் மூத்த பெண்மணி மட்டுமே.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

“கேன்டீன்ல. ஏன், பஸ்ல உக்கார சீட் இல்லியா?”

“அஞ்சு மணி வேலைய நிறுத்துங்கக்கா. ஓடுங்க!”

பிறகு செருப்புச் சத்தம். படிகள். கதவு. மூச்சிரைப்பு. விசைப்பலகை. பக்கத்து இருக்கைக்காரரின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நிறுத்திட்டேன். ரெண்டு நிமிஷம் இருந்துச்சு. என்னப்பா விஷயம்?”

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். பிறகு மறைமலை நகர்க்காரரைத் திரும்ப அழைத்தேன்.

“இது மாதிரி வேற எழுத்து இருக்கா?”

“இருக்கும் சார். எங்கன்னுதான் ஞாபகம் இல்ல.”

விடுமுறை முடிந்ததும் கே-யைத் திரும்ப வைத்தேன். மற்ற வரிகளில் இன்றுவரை கை வைக்கவில்லை.