என் விவாகரத்துக்கு மொழிபெயர்த்தவர்

பென்ஷனுக்கு விவாகரத்துத் தீர்ப்பின் பிரதி வேண்டுமாம். இன்று நீதிமன்றத்துக்குப் போய், எண்பதுகளில் நான் போட்ட வழக்கின் கோப்பைத் தேடி எடுப்பித்தேன்.

அங்கு வேலை செய்யும் தமிழ்ப் பெண் குழம்பிப்போனாள். "கணவரின்ர பேரும் மொழிபெயர்ப்பாளரின்ர பேரும் ஒண்டா இருக்கு. பிழையோ?"

"பிழையில்லை. அப்ப இந்த ஊரிலை டொச் தெரிஞ்ச தமிழர் அவர் ஒராள்தான்."

அன்று நான் அழுதழுது எவ்வளவோ சொன்னேன். அவர் அதை நீதிபதியிடம் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், இரண்டே வரியில் சொன்னார். விவாகரத்து கிடைத்துவிட்டது.

தீர்ப்பில் பதிவான அந்த இரண்டு வரியும் இப்போது என் கைப்பைக்குள். டொச் எனக்கும் வாசிக்க வரும். ஆனாலும் பையைத் திறப்பதும் மூடுவதுமாக, ஓல்டன் ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டுவிட்டேன்.

நீங்கள் என்றால் வாசிப்பீர்களா?

அவருக்கே போன் எடுத்துக் கேட்கலாம்தான். மனுசன் இப்பவும் சுருக்கித்தான் சொல்லுவார்.