மோர் குடித்த இன்ஜின்

அம்மா கொடுத்தனுப்பிய மிக்சி தேங்காய்ச் சில்லிடம் தோற்றுப்போய் நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் ஜெனிட்டா அக்காவை முதலில் பார்த்தேன். பூஞ்சேரியில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிறவர். வீட்டு முன்னறைதான் கடை. அந்த அறையில், டி.வி.க்கு நேர் எதிரே, கன்றுக்குட்டி அளவில் ஒரு டீசல் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னா தம்பி படிச்சிகீற?"

"மெக்கானிக்கல் இன்ஜினியரிங்க்கா. எங்க வூட்லயே மொத டிகிரி நான்தான்."

அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்காகப் பூஞ்சேரிக்கு வந்து தங்கியிருந்தேன். கேட்டால் டிகிரி விஷயத்தைச் சொல்லாமல் விடமாட்டேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

"நல்லதாப் போச்சு. இந்தப் பக்கம் தூக்கு, அடியில துடைக்கணும்."

அது ஒரு பழைய பாய்மரப் படகின் வயிற்றில் இருந்த இன்ஜின். பாய் கிழிந்த அந்தப் படகு முட்டுக்காட்டில் ஒரு ரிசார்ட்டின் படித்துறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. சொந்தக்காரர் அதை ரிசார்ட்டுக்கே விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். ஜூஸ் மிக்சி சரிசெய்யப் போன அக்கா அதைக் கேட்டிருக்கிறார். மேனேஜர் கோபாலகிருஷ்ணன், "ஞாயித்துக்கிழம வந்து பார்ப்பேன். இன்ஜின் ஓடினா படகு உங்களுது. ஓடலன்னா காயலான் கடைக்கு" என்று சொல்லிவிட்டார்.

"படகு எதுக்குக்கா?"

"எங்க நைனா கட்டுமரத்துல தம்பிங்களை மட்டும் ஏத்துவாரு. பொட்டப்புள்ள ஏறினா மீனு வராதுன்னு என்னைக் கரையிலயே நிக்க வெச்சாரு. நான் இன்னா, மீனையா கேட்டேன்? ஒரு ரவுண்டு போவணும், அவ்ளோதான்."

அவர் கணவர் ஜெபக்குமார் கல்பாக்கம் ஊழியர்களுக்கான பஸ்ஸை ஓட்டுகிறார். அலையைப் பார்த்தாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். "சோபா இருந்த எடத்துல அது குந்திகினுகீது தம்பி. நான் தரையில குந்திகினுகீறேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் நானும் அங்கேதான். துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். தண்ணீர்ப் பம்பின் மூடிக்கு வாஷர் கிடைக்கவில்லை. அக்கா மிக்சி ஜாரின் ரப்பரை வெட்டிப் போட்டார். படகில் இருக்கும்போது இந்த இன்ஜின் வெளித்தண்ணீரை உறிஞ்சித்தான் சூடு தணியும்; உறிஞ்சியதைப் புகைக்குழாய் வழியே வெளியே துப்பிவிடும். அதனால் தரையில் ஓட்டும்போது டிரம்மில் தண்ணீர் வைத்துக் குழாயை விட வேண்டும், இல்லாவிட்டால் பம்பு கருகிவிடும் என்று சொன்னது நான்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினையும் தண்ணீர் டிரம்மையும் வேப்பமர நிழலுக்கு நகர்த்தினோம். அன்றைக்குத்தான் மாமல்லபுரத்தில் தேர். தேர் பார்க்கப் போகிறவர்களுக்கு மோர் ஊற்றுவதாக நேர்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக் காசிநாதனும் தன் டிரம்மை அதே நிழலில் கொண்டுவந்து வைத்தார். இரண்டுமே நீல டிரம். இரண்டின் வாயிலும் துணி. மாறிவிடக் கூடாதென்று காசிநாதன் சாக்பீசால் ஒன்றில் 'த' என்றும் மற்றதில் 'மோ' என்றும் எழுதினார். குழாயை விடும் வேலை ஜெபக்குமாருக்கு.

மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். இருமியது. மறுபடி சுற்றினார். டுப், டுப், டுடுடுடு! தெரு நாய்கள் ஓடின.

புகைக்குழாய் துப்பியதோ வெள்ளை வெளேரென்று, பால் மாதிரி. மேனேஜரின் சட்டையிலும் தெறித்தது.

"போச்சுக்கா," என்றேன். "ஆயில்ல தண்ணி கலந்தாத்தான் இப்படிப் பாலாவும். கேஸ்கட் காலி."

மேனேஜர் காயலான் கடைக்குப் பேச போனை எடுத்தார். அக்கா இன்ஜினை நிறுத்தவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

அப்போது காசிநாதன் சொம்போடு ஓடிவந்தார். "யக்கா! ஜனம் வந்துகினுகீது, என் மோரு பாதியக் காணோம்!"

மேனேஜரின் சட்டைப்பையில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. அக்கா அதை எடுத்து மோந்து பார்த்தார். பெருங்காயம்.

"யோவ், டியூபை எதுலய்யா வுட்ட?"

"'மோ'ன்னு போட்டிருந்துச்சி. மோட்டருக்குன்னு நெனச்சேன்" என்றார் ஜெபக்குமார்.

"அப்ப 'த'ன்னா?"

"காசிநாதன் தன்னோடதுன்னு எழுதிகினான்னு நெனச்சேன்!"

குழாயைப் பிடுங்கித் தண்ணீர் டிரம்மில் விட்டார் அக்கா. வெள்ளை மறைந்து, தெளிந்த தண்ணீர் கொட்டியது. இன்ஜின் ஒரு மூச்சுக்கூடத் தவறவில்லை. ஆயிலும் தண்ணீரும் கலந்தால் பாலாகும் என்பது இன்றைக்கும் சரிதான். மோரைப் பற்றி எங்கள் பாடத்தில் இல்லை.

மேனேஜர் சட்டையைத் துடைத்துக்கொண்டார். "ஓடணும்னுதான் சொன்னேன். எதைக் குடிச்சிட்டு ஓடணும்னு சொல்லலையே. எடுத்துக்கங்க."

காசிநாதனின் நேர்த்திக்கடனை அக்கா விட்டுவிடவில்லை. தயிர் வாங்கிவரச் சொல்லி, பழுதுக்கு வந்திருந்த மிக்சிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் மோர் அடித்தார். அவற்றில் ஒன்று என்னுடையது. அது சரியாகிவிட்ட விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜெனிட்டா அக்கா இப்போதும் பூஞ்சேரியில் மிக்சி பழுது பார்க்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் முட்டுக்காட்டு உப்பங்கழியில் படகில் ஒரு சுற்றுப் போய் வருகிறார். ஜெபக்குமார் கரையில் நின்று கை காட்டுகிறார். முன்னறையில் சோபா பழைய இடத்துக்கு வந்துவிட்டது.