நாலாவது மூலை

என் மனைவி குதிரை பழக்குகிறவள். இதைச் சொன்னதும் எல்லோரும் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் பஸ் ஓட்டுகிறேன். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலை வளைவில் இறங்கும்போதுகூட எனக்கு வேர்க்காது. ஆனால் குதிரை என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உதறல்தான். பிரேக் இல்லாத எதையும் நான் நம்புவதில்லை.

அவள் இருபது வயதில் எங்கள் ஊர்க் குதிரை லாயத்துக்குச் சாணம் அள்ளப் போனவள். மூன்றே வருடத்தில், மற்றவர்கள் கைகழுவிய குதிரைகளை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார்கள். சவுக்கு எடுக்கமாட்டாள், அதட்டமாட்டாள். காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்தே குதிரை அடுத்து என்ன செய்யும் என்று சொல்லிவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். நான் செருப்பைக் கழற்றிப் போடுகிற விதத்திலேயே டிப்போவில் யாரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செம்பழுப்புக் குதிரை ஈர மண்ணில் வழுக்கி அவள்மேல் விழுந்தது. காறை எலும்பு ஒடிந்தது, விலாவில் இரண்டு ஒடிந்தன. ஏழு வாரம் படுக்கை. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாக லாயத்துக்குக் கிளம்பினாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பட்டினி கிடந்தும் பார்த்தேன். மூன்றாம் நாள் பசி தாங்காமல் நானே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பரிமாறினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க அங்க வந்து நிக்காதீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு விழப்போறோம்னு தோணுது" என்றாள்.

வரமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை ஒரு வாரம்கூடக் காப்பாற்றவில்லை. என் ட்யூட்டி மதியம் இரண்டு மணிக்கு முடியும். லாயத்துக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. வேலியில் ஆள் நுழையுமளவு இடைவெளி இருந்தது. அதைத் தாண்டினால் வைக்கோல் கொட்டகை. கொட்டகையின் பலகைச் சுவரில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல். அதில் கண்ணை வைத்தால் பழக்குகிற மைதானம் முழுக்கத் தெரியும். மூன்று மணிக்கு அவள் குதிரையோடு வருவாள். நான்கு மணிக்கு முழுசாகத் திரும்பிப் போவாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும். டிப்போவில் சீட்டாட்டம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் திடுக்கு வந்தது. சாம்பல் நிறத்தில் ஐந்து வயதுப் பெண் குதிரை. இதற்கு முன் எவன் கையில் என்ன பாடு பட்டதோ தெரியாது. பக்கெட்டைக் கீழே வைத்தால் துள்ளும். யாராவது தும்மினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கும். லாயத்து வேலைக்காரர் ஒருவர் இருக்கிறார், வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர் என்பதால் அவருக்குக் கம்பளி அண்ணன் என்று பெயர். குதிரைக்குத் திடுக்கு என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

என் மனைவி முதல் பத்து நாள் அதைத் தொடவே இல்லை. குதிரை நிற்கிற கொட்டடிக்குள் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பாள். பதினோராம் நாள் அது தானாக வந்து அவள் தோளை மோந்து பார்த்தது. அவள் திரும்பவில்லை, அடுத்த பக்கத்தைப் புரட்டி வாசித்தாளாம். பிறகு கழுத்தில் கை வைத்தாள். குதிரை போதும் என்று நினைக்கும் முன்பே கையை எடுத்துவிட வேண்டும், அதுதான் அவள் வழக்கம். ஒரு நாளைக்கு ஒரு புது விஷயம்தான். ஒரு நாள் பிளாஸ்டிக் பை, ஒரு நாள் குடை, ஒரு நாள் சேணம். ஒவ்வொரு நாளையும் குதிரைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் செய்யவைத்துத்தான் முடிப்பாள். இரண்டு மாதத்தில், காலை வேளைகளில் அதன் முதுகில் உட்கார்ந்து மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டாள்.

தொல்லை சாயங்காலத்தில்தான். மூன்று மணிக்குக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தால் மூன்று மூலையிலும் ஆட்டுக்குட்டி மாதிரி வரும். நாலாவது மூலை, அதாவது கொட்டகை இருக்கிற மூலை, நெருங்கியதும் தலையை உயர்த்தி மூக்கால் சீறும். கண்ணில் வெள்ளை தெரியும். பிறகு பின்பக்கமாகப் பாயும், சில நாள் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும். அவள் கயிற்றோடு இழுபடுவாள். நான் கொட்டகைக்குள் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அசையாமல், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த மூலையில் என்னதான் இருக்கிறது என்று அவள் தேடாத தேடலில்லை. தகர டிரம்மை அகற்றினார்கள். புதரை வெட்டினார்கள். ஸ்டூல் போட்டு ஏறி, குதிரையின் கண் உயரத்திலிருந்து பார்த்தாள். கொட்டகைக்குள்ளேயும் புகுந்து ஒவ்வொரு கட்டாகப் புரட்டியிருக்கிறாள். ஆனால் அது காலையில். நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன்.

"காலையில சரியா இருக்கு. சாயங்காலம் ஏன் இப்படிப் பண்ணுது?" என்று சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டு கேட்பாள். எனக்கு என்ன தெரியும் என்பேன். அது பொய் இல்லை, அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியாது.

லாயத்து முதலாளியம்மா நல்லவர்தான், பொறுமைதான் கம்மி. "ஆளுங்க ஓட்டக் கத்துக்க வர்றதே சாயங்காலம்தான்மா. சாயங்காலம் ஆகாத குதிரையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சனிக்கிழமை வரைக்கும் பாரு. இல்லைன்னா இதை ஏத்தி அனுப்ப லாரியை வரச்சொல்றேன்" என்றாராம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கையிலிருந்து தம்ளர் நழுவியது. குனிந்து பொறுக்கினாள். "என் கண்ணு போயிடுச்சுங்க. விழுந்த அன்னைக்கே போயிடுச்சு, நான்தான் ஒத்துக்கலை. முன்னெல்லாம் குதிரையைப் பாத்த உடனே தெரியும். இப்போ ஒண்ணும் தெரியலை. திடுக்கும் போயிட்டான்னா நான் இனிமே குதிரையைத் தொடமாட்டேன்" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குள் குபீரென்று சந்தோஷம் கிளம்பியது. அப்பாடா, பிழைத்தாள் என்று நினைத்தேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு ரசித்து இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. எனக்கு இரட்டை ட்யூட்டி, லாயத்துப் பக்கம் போக முடியவில்லை. இரவு நான் கதவைத் தட்டும் முன்பே அவள் திறந்தாள். "இன்னைக்கு ஒண்ணுமே பண்ணலைங்க! நாலு மூலையும் சும்மா வந்தா!" என்றாள். செவ்வாய்க்கிழமை நான் போனேன். திடுக்கு பின்னங்காலில் நின்று கயிற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. புதன்கிழமை பஸ் பழுது, போகவில்லை. அன்று மறுபடி நான்கு மூலையும் சரி.

வியாழக்கிழமை காலை, மூன்றாவது டிரிப்பில், சிக்னலில் நிற்கும்போது எனக்கு உறைத்தது. பச்சை விழுந்ததும் பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். என் கால் ஆக்ஸிலேட்டருக்குப் போகவில்லை.

நான்தான். அந்த மூலையில் இருக்கிற பேய் நான்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் சந்துக்குள் நுழைந்தேன். ஊர்ஜிதம் செய்துகொள்ளத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். இன்னும் இரண்டே நாள், சும்மா நின்றால் போதும், அவள் வேலையை விட்டுவிடுவாள், உயிரோடு வீட்டில் இருப்பாள். என் கணக்கு அதுதான். கீறலில் கண்ணை வைத்து மூச்சை அடக்கினேன்.

அன்று திடுக்கு எச்சரிக்கவே இல்லை. கொட்டகை அருகே வந்ததும் அப்படியே எழும்பியது. முன்னங்கால் குளம்பு ஒன்று அவள் காதை ஒட்டிக் கீழே இறங்கியது. ஹெல்மெட்டில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கயிற்றை விடவில்லை, கயிறு அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. எனக்குக் கத்தக்கூட வாய் வரவில்லை. கத்தினால் அது இன்னும் மிரளும் என்று மட்டும் புத்தியில் இருந்தது. பூனை மாதிரிப் பின்பக்கமாக நகர்ந்து சந்துக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன்.

சாயங்காலம் அவள் கைக்கு மருந்து போட்டுத் துணி சுற்றும்போது சொல்லிவிட்டேன். சந்து, வேலி, கீறல், இரண்டு வருடம், கடைசியாக இன்றைக்குத் தெரிந்தே போனது, எல்லாவற்றையும். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அசையாம நின்னீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"மூச்சை அடக்கிக்கிட்டா?"

"ஆமா."

"ஒளிஞ்சு நின்னு, மூச்சை அடக்கிக்கிட்டு, உத்துப் பாக்குறது எது? பிடிச்சுத் திங்கிற மிருகம்தான். அவளுக்கு உங்க வாசம் தெரியுது, ஆளைக் காணோம். அவ சரியாத்தான் பயந்திருக்கா." அப்புறம் அழ ஆரம்பித்தாள். "அப்போ என் கண்ணு போகலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுது முடித்ததும் எழுந்து தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளிக்கிழமை முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை மதியம் டிப்போ வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "வாங்க" என்றாள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் நாலாவது மூலையில், வேலிக்கு உள்பக்கம், வெட்டவெளியில் நிறுத்தினாள். முதலாளியம்மாவும் கம்பளி அண்ணனும் வெளியே நின்றார்கள். தெருவோரம் லாரி வந்து நின்றிருந்தது.

"நான் ஏறி ஓட்டப்போறேன். நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். என்ன வேணாப் பேசுங்க, ஆனா நிறுத்தக்கூடாது. நீங்க எங்க இருக்கீங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். இன்னொண்ணு. நான் விழுந்தாலும் ஓடி வரக்கூடாது. நீங்க ஓடி வந்தா அவ மிரண்டு என்னை மிதிச்சிடுவா. முடியுமா?"

"முடியும்" என்றேன்.

அவள் அங்கவடியில் கால் வைத்து ஏறினாள். நான் பேச ஆரம்பித்தேன். முதலில் வாயில் வந்தது என் மச்சினனைப் பற்றிய புகார்தான். போன வருடம் இரவல் வாங்கிப்போன ஏணியை இன்னும் தரவில்லை என்றேன். அவள் தம்பிதான், நாலு பேர் முன்னால் அவனை நன்றாகத் திட்டினேன். திடுக்கு நெருங்கி வந்தது. ஒரு காது என் பக்கம் திரும்பியது. நடை தடுமாறியது, ஆனால் நிற்கவில்லை. தாண்டிப் போனது. மச்சினன் முடிந்து வீட்டுக் குழாய்க்கு வந்தேன். சமையலறைக் குழாய் ஒழுகுது, வாஷர் போயிடுச்சு, நாளைக்கு மாத்தணும் என்றேன்.

இரண்டாவது சுற்றில் கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு புறா படபடவென்று எழும்பியது. திடுக்கு பக்கவாட்டில் பாய்ந்தது. சேணம் காலியாக இருந்தது. அவள் மணலில் விழுந்த சத்தம் அதற்குப் பிறகுதான் எனக்குக் கேட்டது.

என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது, பிரேக் போட. குப்புறக் கிடந்தாள். அசைவில்லை. பத்தே அடி தூரம். குதிரை எதிர்ப்பக்கம் ஓடித் திரும்பி, நான்கு காலையும் பரப்பி நின்று அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "வாஷர்," என்றேன். "வாஷர் மாத்தணும். கடைக்காரன் சின்ன சைஸ் கொடுத்துட்டான். அவன்கிட்டப் போய்ச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை கடை உண்டான்னு தெரியலை." முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். என்ன ஆள் இவன் என்று கம்பளி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நின்ற இடத்தில் நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் நான் செய்ததில்லை.

அவள் விரல்கள் மணலைப் பற்றின. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள், வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கைகளைத் தொங்கவிட்டபடி மெதுவாகக் குதிரையிடம் நடந்தாள். அது நடுங்கியது, ஆனால் ஓடவில்லை. என் குரல் வருகிற திசைக்கு ஒரு காதும் அவளுக்கு ஒரு காதுமாக நின்றது. அவள் நெற்றியைத் தடவினாள், கையை எடுத்தாள், மறுபடி ஏறினாள்.

முதல் மூலை. இரண்டாவது மூலை. மூன்றாவது. எனக்குக் கண்ணீர் வழிந்து மூக்கு ஒழுகியது, கடைக்காரனைத் திட்டுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. "லாரிக்காரனைப் போகச் சொல்லுப்பா" என்று முதலாளியம்மா சொல்வது காதில் விழுந்தது. திடுக்கு என்னைத் தாண்டும்போது அதன் மூச்சு என் தோளில் பட்டது. எனக்குப் பயம் குறையவில்லை. அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. நேராகப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"வாஷர் பத்தாது, குழாயையே மாத்தணும். பேசுங்க, பேசிக்கிட்டே இருங்க."