கட்டைவிரல் முறை

முனைவர் தில்லைநாதன் ஓய்வு பெற்றபோது கல்லூரி மலரில் அவரைப் பற்றி எழுத ஆள் தேடினார்கள். எல்லோரும் நழுவிவிட்டார்கள். சிதம்பரத்தில், பெயர் சொல்ல விருப்பமில்லாத அந்தத் தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில் எனக்கு எதிர் மேஜை அவருடையது என்பதால் என் தலையில் கட்டினார்கள். எழுதிவிட்டேன். அவர்கள் இதைப் போடப்போவதில்லை.

அவருக்கு வீடு கடலூர் செம்மண்டலத்தில். தினமும் பஸ்ஸில் வருவார். கூட்டம் ஏறுவதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிடுவார். அவர் வாழ்நாளில் பிறர் உதவி இல்லாமல் செய்த வேலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிள்ளைகள் செய்தார்கள். கரன்ட் பில் கட்டினார்கள், துறைமுகத்தில் மீன் வாங்கி வந்தார்கள், அவருடைய மகளின் ரெக்கார்டு நோட்டில் தவளை வரைந்து கொடுத்தார்கள்.

ஆராய்ச்சி என்று ஒன்றும் இருந்தது. கரப்பான் பூச்சியின் குடலில் ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி ஒன்று உண்டு. இளசாக இருக்கும்போது தன் முன்முனையைக் குடல் செல்லுக்குள் கொக்கியைப் போல நுழைத்து, அங்கேயே தொங்கியபடி வளரும். அந்தப் பிடியை அது எப்போது விடுகிறது என்பதுதான் கேள்வி. இளசிலேயே விட்டுவிடுகிறது, நினைத்தபோது கழன்று திரிகிறது என்று தில்லைநாதன் வெகுகாலத்துக்கு முன் ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஒற்றைக் கட்டுரையை வைத்துக்கொண்டு பதவி உயர்வு, சால்வை, மேடையில் நடுநாற்காலி எல்லாம் வாங்கிவிட்டார்.

அவர் வேலை செய்யும் விதம் இப்படி: குடலை ஸ்லைடில் வைப்பார், மேலே மெல்லிய கண்ணாடியை மூடுவார், கட்டைவிரலால் ஒரே அழுத்து. "அழுத்துனாத்தாம்மா பளிச்சுன்னு தெரியும்" என்பார். கட்டைவிரல் முறை என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். வெட்கம் கிடையாது.

குமராட்சிப் பக்கத்திலிருந்து வந்த எழிலரசி மட்டும் அழுத்தவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் வீட்டுப் பெண். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து மினிபஸ் நின்ற நாட்களில்கூட எப்படியோ வந்து சேர்ந்துவிடுவாள். குடலை உப்புக்கரைசலில் மிதக்கவிட்டு, பொறுமையாகப் பிரித்துப் பார்த்தாள். இளசுகள் ஒன்றுகூட பிடியை விட்டிருக்கவில்லை. நன்றாக வளர்ந்து முதிர்ந்தவை மட்டும் அந்த முனையை உதறிவிட்டுச் செல்லை விட்டு விலகின. தில்லைநாதன் இத்தனை காலம் கண்டுபிடித்ததாகச் சொன்னது, அவருடைய விரல் பிய்த்துப் போட்டதைத்தான்.

அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட மறுத்தார். அந்த மாதத்துக்குள் ஏட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவு ரத்தாகிவிடும். பட்டமும் இல்லை, அதை நம்பியிருந்த வேலையும் இல்லை.

"சார், நீங்களே ஒருவாட்டி பாருங்க. அதுக்கப்புறம் என்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்று நுண்நோக்கியில் ஸ்லைடை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நான் அறிந்து அவர் அவ்வளவு நேரம் எதையும் பார்த்ததில்லை. பிறகு கண்ணை எடுத்தார். ஸ்லைடை வெளியே எடுத்து, கண்ணாடி மேல் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தி, திரும்ப நுண்நோக்கியில் வைத்தார்.

"இப்போ பாரு. எல்லாம் கழண்டு கெடக்குதா? இதத்தான் எழுதணும்."

"என்னா சார் இது அநியாயம்?" என்றேன்.

எழிலரசி பார்க்கக் குனியவில்லை. "நீங்க நசுக்குனத நான் எழுத மாட்டேன் சார்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். மாதம் முடிந்தது. பதிவு ரத்தானது.

அந்த வாரத்தில் ஒருநாள் பஸ் நிலையத்து டீக்கடையில் அவர் என்னிடம் மாட்டினார். அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்களே என்றேன்.

"அவ பாத்தது சரிதான் சார்" என்றார், டீயை ஊதிக்கொண்டே. "எனக்கு அது முன்னாடியே தெரியும். ரிட்டயர் ஆவற நேரத்துல நான் எதுக்கு அதெல்லாம் ஒத்துக்கணும்?"

அதுவரை அவரை ஒரு முட்டாள் என்று நினைத்து மன்னித்து வைத்திருந்தேன்.