எந்த ஷிப்ட்டு என்று கேட்டவள்

மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டார். செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடும் தொழிற்சாலை. அதனால் கல்லூரியிலிருந்து வந்த சேதியை அவர்தான் சொன்னார். பாடம் நடத்திக்கொண்டிருந்த என் மனைவி நித்யா மயங்கி விழுந்துவிட்டாள், மூளையில் ரத்தக்கசிவு. நான் மெஷினை முறைப்படி நிறுத்திவிட்டுத்தான் கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை.

அவளை மேடம் என்று அழைத்த பல் மருத்துவ மாணவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மூக்கண்டப்பள்ளி பல் பரிசோதனை முகாம் நினைவிருக்கும். காலை பத்து மணிக்குத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் கதவைத் தட்டினீர்கள். பாதி வீடுகளில் பூட்டு. மீதி வீடுகளில் நைட் ஷிப்ட் முடித்தவர்களின் தூக்கம்.

"இவங்களுக்குப் பல்லு மேல அக்கறையே இல்ல மேடம்" என்றாள் உங்களில் ஒருத்தியான ஹரிணி.

"பூட்டத் தட்டிட்டு வந்து அக்கறை இல்லன்றியே! எந்த ஷிப்ட்டுன்னு கேட்டியாம்மா?" என்றாள் நித்யா.

மறுவாரம் விடியற்காலையில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலேயே மேசை போடவைத்தாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த மஞ்சுளா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

"புடுங்கிடுங்க."

"வேர் சிகிச்சை பண்ணா காப்பாத்திடலாம்க்கா. மூணு தடவ வந்தா போதும்" என்றாள் ஹரிணி.

"மூணு நாள் லீவு போட்டா லைன்ல வேற ஆள நிறுத்திடுவாங்க கண்ணு. பல்லு போனா போவுது."

வார விடுமுறை என்றைக்கு என்று மட்டும் நித்யா கேட்டாள். ஞாயிறு. அந்த ஞாயிறு அனுமதி வாங்கி, கல்லூரியில் பூட்டிக் கிடந்த தன் துறையைத் திறந்தாள். பல் கருவிகளுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் மக்கர் செய்ததால் என்னையும் இழுத்துப் போனாள். மைக்ரான் கணக்கில் உலோகம் கடைபவன் நான். ஆனாலும் நித்யா ஹரிணியின் விரலைப் பிடித்து, ஊசியிலும் மெல்லிய கம்பியைப் பல்லின் வேருக்குள் இறக்கவைத்ததை மூச்சடக்கித்தான் பார்த்தேன். மூன்று தடவை வேலை ஒரே அமர்வில் முடிந்தது. பல் பிழைத்தது.

"ஏன் மேடம், உங்களுக்கு லீவே கெடையாதா?" மரத்த வாயோடு மஞ்சுளா கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஞாயித்துக்கெழமையும் ஒரு மெஷினக் கட்டிக்கிட்டு அழணும். அதான் கூட்டியாந்தேன்."

கை கழுவும்போது நித்யா ஹரிணியிடம் சொன்னாள்: "ஏழைக்குப் புடுங்கு, பணக்காரனுக்குக் காப்பாத்துன்னு எந்தப் பல்லுலயும் எழுதல."

நித்யா போன பிறகு துக்கம் விசாரிக்கப் பலர் வந்தார்கள். அவர்கள் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. ஹரிணி மட்டும் வருவதற்கு முன் போன் செய்தாள்.

"சார், இந்த வாரம் நீங்க எந்த ஷிப்ட்டு? தூங்குற நேரத்துல வந்துடக் கூடாது."

"செகண்ட் ஷிப்ட்டும்மா. காலையில வாங்க."

வெகுநாள் கழித்து என் குரல் எனக்கே கேட்டது.

நித்யாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். அதைக் கேட்காமல் அவள் யாரையும் வாய் திறக்கச் சொன்னதில்லை.